‘கேஸ் போயிடுச்சு’ என்று ஃப்ரிட்ஜ் மெக்கானிக் சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

மதுரையில் எங்கள் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்று வந்து 4,700 ரூபாய் கறந்துகொண்டு போனார்கள். வெயில் காலம்தான் இவர்களுக்கு அறுவடை. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ. மேலே ஃப்ரீசர் ஓரளவு வேலை செய்தது. கீழேதான் பிரச்சினை: பால் காலைக்குள் திரிந்தது, தோசை மாவு பொங்கி வழிந்தது. கம்ப்ரசர் ஓயாமல் ஓடியது. அந்த முறை கரண்ட் பில்லும் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும் என்பது தமிழ்நாட்டில் பில் கட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

கம்பெனி பெயரையும் ‘சர்வீஸ் சென்டர்’ என்பதையும் போட்டுத் தேடினேன். முதலில் வந்த நம்பருக்கு அழைத்தால் ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். (மே மாதத்தில் நிஜமான கம்பெனி ஆள் இவ்வளவு சீக்கிரம் வந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா?) பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தார். “கேஸ் போயிடுச்சும்மா. 3,500 ஆகும், ஒரு வருஷம் வாரண்டி” என்றார். வாடை ஆகாது என்று அம்மாவை உள்ளே போகச் சொன்னார். ‘உஸ்’ என்று கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. கிளம்பும்போது, “கேஸ் செட் ஆகணும். கதவைத் திறந்தே வைங்க, நாளைக்குக் காலைலதான் ஆன் பண்ணணும்” என்றார்.

ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜுக்கு அடியில் தண்ணீர். காலையில் போட்டதும் ஜில்லென்று ஆகிவிட்டது. எங்களுக்குச் சந்தோஷம். அடுத்த வாரமே பழைய கதை. போன் செய்தால் முதலில் “ஆள் அனுப்புறோம்”, அப்புறம் “கம்ப்ரசர் வீக், 7,500 ஆகும்.” வாரண்டியைப் பற்றிக் கேட்டதும் லைன் கட்.

பிறகு தெருவில் தெரிந்தவர்கள் சொல்லி ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். அவர் ஃப்ரீசரின் உள்ளே பின்பக்கத் தட்டைக் கழற்றினார். அதற்குள் இருந்த காயில் கண்ணிலேயே படவில்லை. மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக ஒரே ஐஸ் சுவர். “காத்து போக வழியே இல்லையேக்கா, கீழ எப்படி கூலாகும்?” என்றார்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் குளிர் உண்டாவது அந்தக் காயிலில்தான். அங்கிருந்து ஒரு ஃபேன் குளிர்ந்த காற்றைக் கீழே தள்ளுகிறது. காயிலில் படியும் பனியைக் கரைக்க ஒரு ஹீட்டர் அவ்வப்போது தானாக ஓட வேண்டும். ஹீட்டரோ அதோடு இருக்கும் பைமெட்டலோ (காயிலின் குளிரைப் பொறுத்து ஹீட்டருக்குக் கரண்ட் விடும் சின்ன சுவிட்ச்) கெட்டுப்போனால் பனி கட்டிக்கொண்டே போய்க் காற்றை அடைத்துவிடும். கீழே குளிர் போதாததால் கம்ப்ரசர் நிற்காது. 100 வாட் என்று வைத்தாலும் நாள் முழுக்க ஓடினால் 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144. எங்கள் ஃப்ரிட்ஜின் ஸ்டார் லேபிளில் வருஷத்துக்கே 220 யூனிட் என்றுதான் போட்டிருக்கிறது.

அப்புறம் டார்ச் அடித்து கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் செம்புக் குழாயைக் காட்டினார். சார்ஜிங் ட்யூப். கேஸ் போட வேண்டுமானால் அதை வெட்ட வேண்டும், இல்லையென்றால் குழாயில் துளையிடும் வால்வு மாட்ட வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. கம்பெனியில் நசுக்கிப் பற்றவைத்த முனை தூசியோடு அப்படியே இருந்தது. ஒரு கிராம் கேஸ்கூட உள்ளே போகவில்லை.

பின்னே எப்படி ஜில்லென்று ஆனது? ராத்திரி முழுக்க கதவைத் திறந்து போட்டதில் ஐஸ் கரைந்து காற்று வழி திறந்துகொண்டது. அவ்வளவுதான். அடியில் ஓடிய தண்ணீர் அதுதான். ஐஸ் கரைந்ததற்கு 3,500 ரூபாய்!

இன்னொன்று. ஃப்ரிட்ஜின் பின்னால் உள்ள ஸ்டிக்கரில் ஆர் 600ஏ என்று இருக்கிறது. வந்தவர் வைத்திருந்த கேனில் 134ஏ. அம்மா சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எடுத்த போட்டோவில் தெளிவாகத் தெரிகிறது. இரண்டும் வேறு வேறு கேஸ். ஒன்றுக்கு உருவாக்கிய கம்ப்ரசரில் மற்றதைப் போடக் கூடாது. போடாமல் ஏமாற்றினாரே, அந்த வரைக்கும் புண்ணியம்.

ஹீட்டர், பைமெட்டல் இரண்டும் மாற்றக் கூலியோடு 1,400 ஆனது. அதற்குப் பிறகு கம்ப்ரசர் நின்று நின்று ஓடுகிறது.

முதலில் வந்தவர் கறந்த 4,700-இல் மீதி 1,200 ரூபாய், ‘பவர் சேவர்’ என்று அவர் தலையில் கட்டிய பிளக்குக்கு. சுவரில் மாட்டினால் ஃப்ரிட்ஜ் கரண்ட் பாதியாகக் குறையுமாம். பிரித்துப் பார்த்தால் ஒரு கப்பாசிட்டரும் பச்சை எல்இடியும். வீட்டுக்கு வரும் பில் செலவான யூனிட்டுக்குத்தான். கப்பாசிட்டர் அதைக் குறைக்காது. எல்இடி எரிகிற கரண்டையும் நாம்தான் கட்ட வேண்டும்.

கேஸ் போகவே போகாது என்று சொல்லவில்லை. ஆனால் ஃப்ரிட்ஜ் மூடிய சுற்று. எங்காவது லீக் இருந்தால்தான் குறையும். அப்படியானால் லீக்கைக் காட்டச் சொல்லுங்கள். அதை அடைத்து, ஃபில்டர் மாற்றி, வேக்கம் இழுத்து (குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சி), ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் அளவுக்கு எடை போட்டு நிரப்ப வேண்டும். பதினைந்து நிமிஷத்தில் முடிகிற வேலை இல்லை. ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்றால் கேஸ் பேச்சுக்கு முன்னால் ஃப்ரீசர் தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கூடவே கதவு கேஸ்கெட்டில் (கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர்) ஒரு பேப்பரை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். லேசாக வந்தால் அங்கேயும் குளிர் கசிகிறது. சர்வீஸ் நம்பரை வாரண்டி அட்டையிலிருந்து எடுங்கள், தேடலில் முதலில் வருவதை நம்பாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். பில் என்று கொடுத்த துண்டுத்தாளில் ஜிஎஸ்டி எண் இல்லை, பணம் போனது யாரோ ஒரு தனி ஆளின் கணக்குக்கு. பழைய நம்பர் இப்போது ஸ்விட்ச் ஆஃப். அதே ‘சர்வீஸ் சென்டர்’ பெயரில் புது நம்பர் ஒன்று தேடலில் மேலே வந்து நிற்கிறது.