பாத் நகரில் ஒரு பிற்பகல்: இலவச நடையா, கட்டண வழிகாட்டியா, காதில் ஒலிக்கருவியா?

லண்டன் பாடிங்டனில் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாத். காலையில் வந்து இறங்குகிறவர்கள் நேராக ரோமானியர் கட்டிய வெந்நீர்க் குளத்துக்குப் போகிறார்கள். பார்த்து முடித்து, எதையாவது சாப்பிட்டு, மணி ஒன்றரை ஆகும்போது எல்லோருக்கும் ஒரே கேள்வி: இனி மாலை ரயில் வரைக்கும் என்ன செய்வது?

நான் இந்த ஊருக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று பிற்பகல்களையும் மூன்று விதமாகக் கழித்தேன். முதல் முறை கைப்பேசியில் ஒலி வழிகாட்டியைப் போட்டுக்கொண்டு தனியாக. இரண்டாம் முறை இணையத்தில் காசு கட்டி ஒரு குழுவோடு. மூன்றாம் முறை, சித்தியையும் அழைத்துக்கொண்டு, நகர மேயரின் கௌரவ வழிகாட்டிகள் நடத்தும் இலவச நடையில். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடைசியாகப் போனதுதான் முதலிடம். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதைச் சித்தியின் முழங்கால் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

முதலில் இந்த ‘இலவசம்’ என்ற சொல்லைச் சற்று உதறிப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஊர்கள் பலவற்றில் இலவச நடை என்று விளம்பரம் செய்வார்கள். கடைசித் தெருமுனையில் தொப்பி நீளும். ‘விருப்பம்போல் கொடுங்கள்’ என்பார்கள். கொடுக்காமல் நகர்ந்தால் முதுகில் ஒரு பார்வை விழும். அந்த வகை நடை பாத்திலும் உண்டு. மேயரின் வழிகாட்டிகள் வேறு இனம். 1934 முதல் நடந்துவரும் தன்னார்வப் பணி இது. டிக்கெட் இல்லை, முன்பதிவு இல்லை, அன்பளிப்பு வாங்குவதும் இல்லை. நடை முடிந்ததும் நான் ஐந்து பவுண்டு நோட்டை நீட்டினேன். அந்தப் பெரியவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தார்.

இதில் நல்ல குணத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அன்பளிப்பை நம்பியிருப்பவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை உங்களைச் சிரிக்க வைத்தாக வேண்டும். இவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் ஒரு சுவரின் முன்னால் பத்து நிமிடம் நிற்பார். அலுத்துப்போனால் நீங்கள் பாட்டுக்குக் கழன்றுகொள்ளலாம். அவருக்கு வருத்தமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

பிற்பகல் 2 மணிக்கு, அபே தேவாலய முற்றத்தில், குளியலகத்தை ஒட்டிய பழைய கூடமான பம்ப் ரூமின் வாசலுக்கு வெளியே கூட வேண்டும். கூட்டத்தைப் பொறுத்து ஆளுக்கொரு குழுவாகப் பிரித்துக்கொள்கிறார்கள். சுமார் இரண்டு மணி நேரம். எந்தக் கட்டடத்துக்குள்ளும் நுழைவதில்லை. எல்லாம் வெளியில் நின்றே. இதைக் குறையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் இந்த நடையின் பலம் என்று தோன்றியது. இந்த ஊரின் பாதிச் சங்கதி கண் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. மீதிப் பாதி வீடுகளின் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. இரண்டையும் யாராவது விரல் நீட்டிக் காட்டினால்தான் உண்டு.

நின்ற இடத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு. அபேயின் மேற்கு முகப்பில் இரு பக்கமும் கல் ஏணிகள். அவற்றில் தேவதைகள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள், சிலர் தலைகீழாக இறங்குகிறார்கள். 1499இல் இந்தத் தேவாலயத்தைப் புதிதாகக் கட்டத் தொடங்கிய பிஷப் ஆலிவர் கிங் கண்ட கனவு அது என்பது கதை. இதைக் கைப்பேசியும் எனக்குச் சொல்லியிருந்தது. பெரியவர் காட்டியது இன்னும் சற்றுத் தள்ளி: ஓர் ஆலிவ் மரம், அதைச் சுற்றி ஒரு கிரீடம், மேலே பிஷப்பின் தலையணி. ஆலிவ், கிங், பிஷப். மனிதர் தன் பெயரைச் சிலேடையாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். காளமேகம் பார்த்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். முதல் முறை அதே இடத்தில் கால் மணி நேரம் நின்றும் இது என் கண்ணில் படவில்லை.

அங்கிருந்து பழைய வெந்நீர் ஊற்றுகளின் பக்கம், ஊருக்கே நடத்தை விதிகள் வகுத்த போ நாஷ் என்ற சூதாட்டப் பிரியர் குடியிருந்த வீடு, குவீன் ஸ்கொயர் என்று போய், கே வீதியின் ஏற்றத்தில் ஏற வேண்டும். இங்கேதான் சித்தி நின்றுவிட்டார். “நான் இந்தத் திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறேன், நீ போய்ப் பார்த்துவிட்டு வா” என்றார். அது திண்ணை அல்ல, யாரோ ஒருவர் வீட்டு வாசற்படி. குழு பெரிது, யாருக்காகவும் நிற்க வழியில்லை. நான் பாதி ஓடுவதும் பாதி திரும்புவதுமாக இருந்தேன். கடைசியில் சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிட்டார்.

ஏறினால் சர்க்கஸ். “யானை இருக்கிறதா?” என்று சித்தி கேட்டார், மூச்சு வாங்கியபடியே. யானை இல்லை, வட்டமாக நிற்கும் 33 வீடுகள். ஜான் வுட் என்ற கட்டடக் கலைஞர் 1754இல் அடிக்கல் நாட்டிய சில மாதங்களிலேயே இறந்துபோனார்; அதே பெயர் கொண்ட மகன் 1768இல் முடித்தார். மூன்று அடுக்குத் தூண்கள், ஒவ்வொன்றும் ஒரு பழைய கிரேக்க பாணி: கீழே டோரிக், நடுவே அயோனிக், மேலே கொரிந்தியன். கீழ் அடுக்குத் தூண்களுக்கு மேலே வட்டம் முழுக்க ஒரு சிற்பப் பட்டை ஓடுகிறது. பாம்பு, முகமூடி, கைத்தொழில் கருவிகள் என்று நூற்றுக்கணக்கான சின்னங்கள். உச்சியில் கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாகக் கல்லில் ஓக் கொட்டைகள்.

ஓக் கொட்டை எதற்கு? பிளாதுத் என்ற இளவரசனுக்குத் தொழுநோய் வந்து அரண்மனையை விட்டு விரட்டப்பட்டான், பன்றி மேய்த்தான், பன்றிகளுக்கும் அந்த நோய் தொற்றியது. அவை வெதுவெதுப்பான ஒரு சேற்றில் புரண்டு எழுந்ததும் தோல் குணமாயின. தானும் புரண்டான், தேறினான், அரசனானான், ஊரை நிறுவினான். சேற்றிலிருந்து வெளியே வர மறுத்த பன்றிகளை அவன் ஓக் கொட்டையைக் காட்டித்தான் வரவழைத்தானாம். நல்ல தலபுராணம். தந்தை வுட் அதை நம்பினார். வட்டத்தின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டச் சொன்னார் வழிகாட்டி. சுற்றியிருந்த வீடுகள் தட்டிய சத்தத்தைத் திருப்பித் தந்தன. அதன் பிறகு சித்தி முழங்காலைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்து ராயல் கிரசன்ட். 1767இல் தொடங்கிய பிறைவடிவ வரிசை, 30 வீடுகள், 114 தூண்கள், படங்களில் பார்த்திருப்பீர்கள். பெரியவர் இங்கே முன்பக்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு பின்பக்கத்தின் கதைக்குப் போனார். முகப்பின் வடிவத்தை மட்டும் மகன் வுட் வரைந்தார். மனை வாங்கியவர்கள் அந்த முகப்புக்குப் பின்னால் தங்கள் சொந்தக் கொத்தனாரை வைத்து இஷ்டப்படி கட்டிக்கொண்டார்கள். அதனால் முன்னால் ஒரே அரண்மனை. பின்னால் போனால் ஒரு வீட்டின் கூரை உயர்ந்தும் இன்னொன்று தாழ்ந்தும், ஒன்று புடைத்தும் ஒன்று உள்வாங்கியும், சம்பந்திகள் சண்டை போட்டுக்கொண்ட கல்யாணப் புகைப்படம் போல இருக்கிறது. முன்னால் விரியும் புல்வெளியின் நடுவே ஒரு பள்ளச் சுவர் ஒளிந்திருக்கிறது. அதன் பெயரே ‘ஹா-ஹா’. வீட்டிலிருந்து பார்த்தால் புல் தடையின்றி ஓடுவது போலத் தெரியும்; மேயும் ஆடுமாடு மட்டும் தாண்டி வர முடியாது.

இனி, காசு கொடுத்துப் போன பிற்பகல். இணையத்தில் ‘சிறு குழு’ என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் இருபத்தைந்து பேர். வழிகாட்டி கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, பின்வரிசைக்குப் பாதிச் சொல்தான் கேட்டது. பேய்க் கதைகளுக்கு நேரம் இருந்தது, சிற்பப் பட்டைக்கு இல்லை. கடைசி நிறுத்தம் ஓர் இனிப்புக் கடை. அது தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை. இந்த நடுத்தர வகையைத்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்பேன்: விலையும் உண்டு, கவனிப்பும் இல்லை.

கட்டண வழிகாட்டியில் மேல்தட்டு ஒன்று இருக்கிறது. அது முற்றிலும் வேறு. பிரிட்டனில் புளூ பேட்ஜ் என்ற தகுதி பெற்ற வழிகாட்டிகளைத் தனியாக அமர்த்தலாம். கட்டணம் பெரும்பாலும் தலைக்கு அல்ல, குழுவுக்கு. ஒருவர் மட்டும் போனால் கையைக் கடிக்கும். ஆறேழு பேர் பகிர்ந்தால் நியாயமாக வரும். என்ன கிடைக்கும்? உங்கள் நடை வேகம் கிடைக்கும். ஏற்றத்தை டாக்ஸியில் கடந்து, மேலே இருந்து கீழ்நோக்கி நடக்கலாம். ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு போகலாம். நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 1801 முதல் 1806 வரை இந்த ஊரில் வசித்தார். வாசகர்களுக்கு அது போதும், மீதி ஊரைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர் குடியிருந்த சிட்னி பிளேஸ், கே வீதி வீடுகளை மட்டும் தேடலாம். வானியல் பித்து உள்ளவர் நியூ கிங் வீதி 19ஆம் எண் வீட்டுக்குப் போகலாம். 1781 மார்ச்சில் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டது அந்த வீட்டுத் தோட்டத்தில்தான். இலவச நடையில் இப்படிக் கேட்டுப் பெற முடியாது. சித்தியை மறுபடி அழைத்துப்போனால் நான் இதைத்தான் செய்வேன். மேயரின் பெரியவரிடம் எவ்வளவு மரியாதை இருந்தாலும்.

ஒலிக்கருவிக்கு வருகிறேன். தெருவில் அது எனக்குச் சரிப்படவில்லை. வாகனச் சத்தத்தில் காதை அடைத்துக்கொண்டு, ‘இடது பக்கம் திரும்பவும்’ என்ற குரலுக்குக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஊரைப் பார்த்ததைவிடத் திரையைப் பார்த்ததுதான் அதிகம். அதோடு அதனிடம் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஏன் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், 1696 முதல் 1851 வரை இருந்த ஜன்னல் வரியைப் பற்றியும், வரிக்காக அடைத்தவை எவை, அழகுக்காகவே பொய் ஜன்னலாகக் கட்டியவை எவை என்பதைப் பற்றியும் மனிதர்தான் சொல்வார்.

ஆனால் ரோமானியக் குளியலகத்துக்குள் அதே கருவிதான் ராஜா. நுழைவு டிக்கெட்டோடு சேர்த்தே தருகிறார்கள். உள்ளே குழு நடையாகப் போவதைவிட இது மேல். நின்ற இடத்தில் எவ்வளவு நேரமும் நிற்கலாம். நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல், 46 டிகிரி வெப்பத்தில் நீர் ஊறி வருகிறது. பெரிய குளத்தின் அடியில் ரோமானியர் பதித்த ஈயத் தகடுகள் இன்னும் இருக்கின்றன. என்னை அரை மணி நேரம் பிடித்து நிறுத்தியவை சாபத் தகடுகள். சுலிஸ் மினர்வா தேவிக்கு எழுதி, சுருட்டி, ஊற்றில் எறிந்த சின்னச் சின்னத் தகடுகள், சுமார் 130. குளிக்கும்போது மேலாடையைத் திருடியவன் ஆணானாலும் பெண்ணானாலும், அடிமையானாலும் சுதந்திரனானாலும் தண்டி என்பது மனு. நம் ஊரில் மிளகாய் அரைத்து அம்மனுக்குச் சாத்துகிறவர்களுக்கு இந்த மொழி உடனே புரியும். சிலர் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாக எழுதியிருக்கிறார்கள். இந்தப் பெட்டிக்கு முன்னால் எந்த வழிகாட்டியும் அரை மணி நேரம் தரமாட்டார்.

திறந்த மாடி பஸ்ஸும் உண்டு. நடக்கவே முடியாதவர்களுக்கும், சுற்றியுள்ள குன்றிலிருந்து ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் உதவும். ஓக் கொட்டையைக் காட்ட அது நிற்காது.

ஆக, தெம்பாக நடக்கக்கூடிய ஒருவருக்கு நான் சொல்லும் வரிசை: காலையில் குளியலகம் கருவியோடு, பிற்பகல் 2 மணி நடை மேயரின் வழிகாட்டியோடு. குளியலகத்தில் இறங்கிக் குளிக்கலாம் என்று நினைத்துத் துண்டோடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே கையை நனைக்கவும் அனுமதி இல்லை. குளிக்க வேண்டுமானால் 2006இல் திறந்த தெர்மே பாத் ஸ்பாவின் மாடிக் குளம் இருக்கிறது. நடை முடிந்த கால்களுக்கு நல்ல மருந்து. டிசம்பரில் போனால் நான்கு மணிக்கே சூரியன் இறங்கிவிடும். நடையின் கடைசிப் பகுதி அந்தி வெளிச்சத்தில் அமையும். தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லுக்கு அதுதான் அழகான நேரம் என்றாலும், கையுறை இல்லாமல் போகாதீர்கள். இரண்டு மணி நேரம் உட்கார இடம் தேடாத உடம்பும் வேண்டும்.

சனிக்கிழமை போகிறவர்களுக்கு மட்டும் இந்த வரிசை உதவாது. அன்று பிற்பகல் நடை கிடையாது, காலை 10.30 நடை மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டு குளியலகத்தைப் பிற்பகலுக்குத் தள்ளிவிடுங்கள்.