தென்னந்தோப்பில் வெள்ளை ஈயைப் படம் எடுக்க: ரிவர்ஸ் ரிங்கா, ரேனாக்ஸா, மேக்ரோ லென்ஸா?

பொள்ளாச்சிப் பக்கம் மேக்ரோ படம், அதாவது சிறு பூச்சிகளைப் பெரிதாக்கிக் காட்டும் படம், எடுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எது அதிகம் பெரிதாக்கிக் காட்டும்?" என்றுதான். லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி கிடைக்கும் என்பதை அதற்கு முன்பே கேட்க வேண்டும் என்பேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றில் ஓலை ஒரு நொடி நிற்பதில்லை. ஓலையை லென்ஸ் தட்டினால் பூச்சி பறந்துவிடும்.

2016-இல் நம் நாட்டிலேயே முதன்முதலாகப் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட தென்னைப் பூச்சியான சுருள் வெள்ளை ஈயையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். நீளம் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். இருப்பது ஓலையின் அடிப்பக்கம், அண்ணாந்துதான் எடுக்க வேண்டும்.

லென்ஸை முன்பின்னாகத் திருப்பி மாட்ட உதவும் வளையமான ரிவர்ஸ் ரிங் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்; உருப்பெருக்கத்தில் அசத்தும். பழைய 28 மி.மீ. லென்ஸைத் திருப்பி மாட்டினால் இரு மடங்கு கிடைக்கும், அதாவது கேமரா சென்சாரில் பூச்சி தன் நிஜ அளவைப் போல இரு மடங்காகப் பதியும்; சிறகின் வெளிறிய பழுப்புப் பட்டை வரை தெரியும். ஆனால் பூச்சிக்கு நாலைந்து சென்டிமீட்டர் அருகே போயாக வேண்டும். லென்ஸின் நிழல் பூச்சி மேலேயே விழும். வெளிச்சம் நுழையும் துளையைக் கையாலேயே மாற்ற உதவும் அப்பெர்ச்சர் வளையம் உள்ள லென்ஸாக இல்லாவிட்டால் பெரும் தொல்லை.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூப்பில் கண்ணாடி கிடையாது, அதனால் லென்ஸின் தரம் பெரிதாகக் கெடாது. 50 மி.மீ. லென்ஸோடு இங்கும் இடைவெளி குறைவுதான்; பூச்சி நிஜ அளவிலேயே சென்சாரில் பதியும் 1:1 அளவுக்குப் போகும்போது வெளிச்சம் கால் பங்காகிவிடும். தோப்பு நிழலுக்கு இது தோதுப்படாது.

என் வாக்கு ரேனாக்ஸ் டிசிஆர்-250-க்கு. 55-250 மி.மீ. போன்ற ஜூம் லென்ஸின் முன்னால் கவ்வி நிற்கும் இந்த 8 டயாப்டர் திறனுள்ள உருப்பெருக்கிக் கண்ணாடி, 12 சென்டிமீட்டர் தள்ளி நின்றே 250 மி.மீ. ஜூமில் இரு மடங்கு தரும். ஜூமைக் குறைத்தால் முசுறு எறும்பு முழுதாக அடங்கும். கழற்றிப் பையில் போட்டால் அதே லென்ஸில் பஞ்சுருட்டான் பறவையை எடுக்கலாம். படத்தின் ஓரங்கள் சற்று மங்கும், உண்மைதான். நடுவில் இருக்கும் ஈக்கு அதனால் குறைவில்லை.

100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் துல்லியத்தில் எல்லாவற்றையும் விஞ்சும், இடைவெளியும் தாராளம். ஆனால் பல்லாயிரம் ரூபாய் கொடுத்தும் பெரும்பாலானவை 1:1-இல் நின்றுவிடும். சற்றுச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் வெள்ளை ஈ படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். தும்பி, சிலந்தி, பட்டாம்பூச்சி என்று வாரந்தோறும் கிளம்புகிறவர் வாங்கட்டும்.

எந்த லென்ஸுக்கும் காசை எண்ணும்முன் ஃபிளாஷுக்கு ஒரு பங்கை ஒதுக்கிவிடுங்கள். குறைந்த திறனில் அது மின்னும் நேரம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்குவதால் ஆடும் ஓலையும் உறைந்து நிற்கும். பார்சலில் வரும் வெள்ளை நுரைத்தாளை வளைத்து முன்னால் கட்டினால் போதும், ஈயின் வெள்ளை மெழுகுப் பொடி வெளுத்துப்போகாமல் இழை இழையாகப் பதிவாகும். இரு மடங்கு உருப்பெருக்கத்தில் குவிய ஆழம், அதாவது முன்பின்னாகத் தெளிவாகப் பதியும் பகுதி, அரை மில்லிமீட்டரைத் தொடாது. அதனால் கேமராவை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கண் தெளியும் கணத்தில் அழுத்துவதே வழி.

பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் ஸ்டாக்கிங் முறைக்குத் தோப்பு இடமே அல்ல. ஓர் ஓலைக்கீற்றை நறுக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து, மேசையில் ஸ்டாண்டு வைத்துச் செய்யுங்கள். காற்றில்லாத அந்த இடத்தில் ரிவர்ஸ் ரிங் ரேனாக்ஸை முந்திவிடும். வெள்ளை ஈக் கூட்டுப்புழுவின் காலிக் கூட்டில் டி வடிவப் பிளவு இருந்தால் ஈ பிறந்து போயிருக்கிறது. வட்டத் துளை இருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவி அதைத் தின்று வெளியேறியிருக்கிறது. வட்டத் துளைகள் நிறைய இருந்தால் குளவியே ஈயைக் கவனித்துக்கொள்கிறது என்று பொருள்; மருந்தடிக்கக் கிளம்பும் தோப்புக்காரரிடம் அந்தப் படத்தைக் காட்டிச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்.