ஏஇஎஸ் அட்டை என்று விற்றார்கள், கதவு பார்ப்பதோ வரிசை எண்ணை மட்டுமே

எங்கள் அலுவலகக் கதவுகளுக்கு ஆர்எஃப்ஐடி (அட்டையை அருகில் காட்டினால் வானொலி அலையில் படிக்கும்) அமைப்பை நிறுவிய நிறுவனம், ஏஇஎஸ்-128 என்னும் வலுவான மறையாக்கம் (ரகசியச் சாவி இல்லாமல் படிக்க இயலாதபடி தகவலை மாற்றும் முறை) கொண்ட டெஸ்ஃபயர் வகை அட்டைகளைத் தருவதாகவும், அவற்றை எவராலும் நகலெடுக்க இயலாது என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதித் தந்தது. அட்டைகள் அசலானவைதான். ஆனால் அவற்றில் உள்ள பாதுகாப்பு எதையும் அவர்கள் பயன்படுத்தவே இல்லை.

அட்டைகள் தீர்ந்துபோன ஒரு நாளில், அந்நிறுவனத்தின் ஊழியர் வேறெங்கோ வழங்கப்பட்ட பழைய அட்டை ஒன்றைக் கதவின் ரீடரில் (அட்டையைப் படிக்கும் கருவி) காட்டிப் பதிவுசெய்தார்; கதவும் உடனே திறந்தது. எங்கள் ரகசியச் சாவி (மறையாக்கத்துக்கான ரகசிய எண்) இல்லாத அட்டையை ரீடர் எப்படி ஏற்றது என்ற ஐயத்தில், எங்கள் அட்டையைக் கைபேசியின் என்எஃப்சி செயலியில் வைத்துப் பார்த்தேன். 7 பைட் யுஐடி, அதாவது அட்டையின் வரிசை எண், தெரிந்தது. அதற்குமேல் ஒரு அப்ளிகேஷன்கூட (சாவியும் தரவும் வைக்கும் பகுதி) உள்ளே உருவாக்கப்படவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே அட்டையைக் கொடுத்திருக்கிறார்கள்.

முறையாக அமைத்திருந்தால், அட்டை ஒரு தற்போக்கு எண்ணை (ஒவ்வொரு முறையும் மாறும், ஊகிக்க இயலாத எண்) மறையாக்கி அனுப்பும். ரீடர் அதே சாவியால் அதன் மறையை நீக்கி, தன் எண்ணையும் சேர்த்து மறையாக்கித் திருப்பியனுப்பும். அட்டை அதைச் சரிபார்த்த பிறகு தானும் பதில் தந்து தன்னை மெய்ப்பிக்கும். இத்தனையிலும் சாவி ஒருமுறைகூட காற்றில் செல்வதில்லை. யுஐடியோ, அருகில் வரும் எந்த ரீடருக்கும் கேட்டவுடன் கிடைத்துவிடும். விரும்பிய யுஐடியை எழுதிக்கொள்ளத்தக்க அட்டைகளும் சந்தையில் உள்ளன.

அந்நிறுவனத்திடம் இதைக் கேட்டதற்கு, யுஐடி உலகில் ஒருமுறைதான் வரும், ஆகவே பாதுகாப்பானது என்றார்கள். விற்பனைக்காரர் சொல்லக்கூடாத பதில் அது. மாற்றாக அவர்கள் முன்வைத்த மைஃபேர் கிளாசிக் என்ற பழைய வகை அட்டையின் கிரிப்டோ-1 மறையாக்க முறைக்கு 48 பிட் சாவிதான். நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-லேயே அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள்.

இப்படி ஓர் அமைப்பை வாங்குவோர், முழுத் தொகையையும் கொடுக்கும் முன், தொடர்பே இல்லாத ஓர் அட்டையை ரீடரில் பதிவுசெய்யச் சொல்லிப் பாருங்கள். பதிவாகிவிட்டால் அங்கே யுஐடி மட்டுமே படிக்கப்படுகிறது. ஒவ்வோர் அட்டைக்கும் தனிச்சாவி உண்டா, அட்டைச் சாவிகளுக்கெல்லாம் அடிப்படையான மூலச்சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களிடம் அந்த மூலச்சாவியைத் தர அவர்கள் இன்றுவரை ஒப்பவில்லை.