புல்லட் என்ஜின் வேலை முடிஞ்சப்புறம் கிளட்ச் படுத்தின பாடு

என்ஜின் பிரிச்சு வேலை பார்த்த வண்டில கிளட்ச் தகராறு பண்ணுச்சுன்னா ஊர்ல யாரைக் கேட்டாலும் ஒரே பதில் தான், "ப்ளேட் போயிருக்கும் மாத்திடுங்க". என் வண்டி பழைய காஸ்ட் அயர்ன் 350, ரைட் சைடு கியர், நாலு கியர் பாக்ஸ். நாமக்கல்ல இருக்கறதால லேத்துக்கோ சிலிண்டர் போர் போடறதுக்கோ அலையவே வேண்டியதில்ல, போர், பிஸ்டன், கனெக்டிங் ராடு, பிக் எண்டு ஃப்ளோட்டிங் புஷ்னு எல்லாம் முடிச்சு அதோடயே கிளட்ச் ப்ளேட்டும் புதுசு போட்டு தான் வண்டிய குடுத்தாங்க. ரெண்டு மழைக்காலம் தாண்டி ஓட்டிட்டேன், இப்ப எழுதலாம்னு தோணுது, ஏன்னா வந்த பிரச்சனைல ஒண்ணு கூட ப்ளேட்டால வந்தது இல்ல.

முதல்ல தெரிஞ்சது கிக்கர்ல. இந்த வண்டில கிக்கர் கியர்பாக்ஸ் வழியா கிளட்ச் மூலமா தான் என்ஜினை சுத்துது, அதனால கிளட்ச் வழுக்குச்சுன்னா கிக்கர் சும்மா கீழ இறங்கிடும், என்ஜின் அசையவே அசையாது. வேலைக்கு முன்னாடி கம்ப்ரஷனே இல்லாததால வழுக்கினதே தெரியல, போர் போட்டு கம்ப்ரஷன் வந்ததும் அந்த எதிர்ப்பை கிளட்ச் தாங்கல. அப்புறம் ரோட்ல மூணாவது கியர்ல முறுக்குனா சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. ரன்னிங் இன் (புது பிஸ்டன் பழகற வரைக்கும் மெதுவா ஓட்டறது) முடியட்டும் சரியாயிடும்னு சொல்றவங்க இருக்காங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

காரணம் ரொம்ப சின்னது. கிளட்ச் லிவர்ல ஃப்ரீ ப்ளேயே இல்ல, அதாவது கிளட்ச் விட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி லிவர் சும்மா ஆடற இடைவெளி. கிளட்ச் ராடு கியர்பாக்ஸ் மெயின்ஷாஃப்ட்டுக்குள்ள வலது பக்கத்துல இருந்து இடது பக்கம் போய், கிளட்ச் ப்ளேட்டுகளை அமுக்கிப் பிடிக்கற பிரஷர் ப்ளேட்டை தள்ளுது, வலது பக்க கவர்ல இருக்கற அந்த சின்ன இன்ஸ்பெக்‌ஷன் மூடிய கழட்டினா உள்ள லாக் நட்டும் நடுவுல ஸ்க்ரூவும் தெரியும். நியூட்ரல் ஈஸியா விழணும்னு அந்த ஸ்க்ரூவை நல்லா இறுக்கி விட்டிருக்காங்க, அதனால லிவர விட்டாலும் ராடு ப்ளேட்டை கொஞ்சம் தள்ளிட்டே தான் நின்னுருக்கு. முதல்ல கேபிள் அட்ஜஸ்டரை முழுசா தளர்த்தி, அப்புறம் ஸ்க்ரூவை ராடு லேசா தொடற வரைக்கும் விட்டு, அங்கருந்து கொஞ்சம் பின்னாடி எடுத்து லாக் பண்ணி, மிச்சத்தை கேபிள்ல 2, 3 மிமீ ப்ளே வர்ற மாதிரி வச்சோம். இந்த வரிசைய மாத்தி கேபிளை மட்டும் நோண்டிட்டு இருந்தா ஜென்மத்துக்கும் செட் ஆகாது. அன்னைக்கே கிக்கர் கல்லு மாதிரி நின்னுச்சு.

அப்படியே இருந்திருந்தா இந்த பதிவே வேண்டியதில்ல. கொல்லிமலை ஏறும்போது, காரவள்ளில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு, பாதிக்கு மேல சூடானதும் மறுபடி வழுக்க ஆரம்பிச்சுது. கீழ வந்து ப்ரைமரி செயின் கேஸ் (என்ஜினையும் கிளட்ச்சையும் இணைக்கற செயின் ஓடற பெட்டி) லெவல் ஸ்க்ரூவை கழட்டினா சொட்டு சொட்டா வர வேண்டிய ஆயில் கடகடன்னு ஊத்துது, அதுவும் கன்னங்கரேல்னு. இந்த என்ஜின்ல ப்ரைமரிக்கு தனி ஆயில், என்ஜினுக்கு தனி ஆயில், ரெண்டும் கலக்கவே கூடாது. கலந்தது கிராங்க் பக்க சீல் வழியா. என்ஜின் மொத்தமா பிரிச்சப்ப அந்த சீலை மாத்தாம பழசையே விட்டுருக்காங்க, என்ஜின் உள்காத்து வெளிய போற ப்ரீதரும் அழுக்குல அடைச்சு கிராங்க் கேஸ்ல பிரஷர் ஏறி ஆயிலை இந்தப் பக்கம் தள்ளியிருக்கு. எனக்கு கடுப்பே இங்க தான், பெரிய வேலைக்கு அவ்ளோ செலவு பண்ணிட்டு ஒரு சீல்ல கஞ்சத்தனம் பண்றது என்ன கணக்குன்னு புரியல.

செயின் கேஸ் மூடி நடுவுல ஒரே ஒரு நட்டுல தான் நிக்குது, கழட்டறது சுலபம், ஆனா ரப்பர் சீலை சரியா உட்கார வைக்கலன்னா ஒழுகும். திறந்ததோட திறந்ததா லைனிங் ப்ளேட்டை பெட்ரோல்ல கழுவி காய வச்சோம், ஸ்டீல் ப்ளேட்டை கண்ணாடி மேல வச்சு ஆடுதான்னு பார்த்தோம், ஒண்ணும் வளையல. ப்ரைமரி செயின் டைட்டான இடத்துல 6 மிமீ ஆடுற மாதிரி வச்சோம். மூடறதுக்கு முன்னாடி லிவரை பிடிச்சுகிட்டு கிக்கரை மெதுவா அமுக்கி பிரஷர் ப்ளேட் சுத்தறத பாருங்க, ஒரு பக்கம் கோணலா தூக்கினா தான் கியர் போடும்போது "டடக்"னு அடிக்கும், சூட்ல நியூட்ரல் விழாது. எனக்கு லேசா கோணல் இருந்துச்சு, ஸ்ப்ரிங் போல்ட்டை லூஸ் பண்ணி சரி பண்ணாம ஸ்ப்ரிங்குகளை இடம் மாத்தி போட்டு பார்த்தோம், அதுலயே நேராயிடுச்சு. போல்ட் எப்பவும் முழுசா டைட்டா தான் இருக்கணும்.

ப்ரைமரில கார் என்ஜின் ஆயில் ஊத்தாதீங்க, நிறைய கார் ஆயில்ல வழுக்கறதுக்குன்னே சேர்க்கற சரக்கு இருக்கு, ப்ளேட்டுக்கு அது விஷம். ஜாசோ எம்ஏ (ஆயில்ல ஓடற கிளட்ச்சுக்கு ஏத்ததுங்கற தரக் குறி) போட்ட பைக் ஆயில் போதும். நான் இப்ப ஓட்டறது ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்தற ஆயில், கெட்டி ஆயிலை விட இதுல காலைல ப்ளேட் ஒட்டறது குறைவு. ஆனாலும் நாலஞ்சு நாள் நிறுத்தி வச்சா ஒட்டத்தான் செய்யும், லிவரை பிடிச்சுகிட்டு ரெண்டு தடவை கிக்கரை உதைச்சா விட்டுடும், அப்புறம் ஸ்டார்ட் பண்ணா முதல் கியர்ல வண்டி துள்ளாது.

இப்போதைக்கு வழுக்கல் சுத்தமா இல்ல, அதே புது ப்ளேட் தான் இன்னமும் ஓடுது. டவுன் ட்ராஃபிக்ல ரொம்ப நேரம் மாட்டினா நின்ன இடத்துல நியூட்ரல் கொஞ்சம் அடம் பிடிக்கும், நிக்கறதுக்கு முன்னாடியே உருளும்போது போட்டுக்கறேன், இல்லன்னா நேரா நியூட்ரல்ல போடறதுக்குன்னே இருக்கற தனி லிவர், நியூட்ரல் ஃபைண்டர், இருக்கவே இருக்கு. ப்ரைமரி லெவலை மட்டும் மாசம் ஒரு தடவை பார்க்கறேன், இதுவரைக்கும் ஏறல.