லித்தியம், வால்ப்ரோவேட், லாமோட்ரிஜின்: "உனக்கு எத்தனை மில்லிகிராம்?"

பைபோலாருக்கு (மனநிலை ஒரேயடியாக ஏறியும் இறங்கியும் போகும் நோய்) மாத்திரை சாப்பிடும் இரண்டு பேர் சந்தித்தால் சீக்கிரமே இந்தக் கேள்வி வந்துவிடும். ஆனால் மூன்று மருந்துக்கும் அதற்கு ஒரே அர்த்தம் கிடையாது.

லித்தியத்தில் மாத்திரை அட்டையில் இருக்கும் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ரத்தத்தில் எவ்வளவு என்பதுதான் கணக்கு. ஒருவர் 600 போட்டும் இன்னொருவர் 1200 போட்டும் இருவர் ரிப்போர்ட்டிலும் அதே 0.7 வரலாம். நீண்ட நாள் சிகிச்சையில் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைப்பார்கள், 1.5 தாண்டினால் விஷம். 1989-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 0.4–0.6-இல் இருந்தவர்களுக்கு, 0.8–1.0-இல் இருந்தவர்களை விட நோய் திரும்பும் ஆபத்து 2.6 மடங்கு. சரி, ஏற்றிவிடலாமே என்றால், மேலே இருந்தவர்களுக்குத்தான் பக்க விளைவும் அதிகம். பிறகு அதே தரவை மறுபடி அலசியபோது, நோய் திரும்பியதற்கு, ரத்தத்தில் லித்தியம் அளவைச் சட்டென்று இறக்கியதே பாதிக் காரணமாக இருக்கலாம் என்று தெரிந்தது.

ரத்தம் கொடுப்பது கடைசி வேளை போட்டு 12 மணி நேரம் கழித்து. காலை மாத்திரையை விழுங்கிவிட்டு லேபுக்குப் போனால் எண் ஏறித்தான் காட்டும், அதை நம்பி டோஸைக் குறைத்துவிடுவார்கள். இன்னொன்று, கத்திரி வெயிலில் உடம்பில் நீர் வற்றினாலும், மூட்டு வலிக்கு டைக்லோஃபெனாக் போட்டாலும், அதே டோஸில் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் அதிகமாகி, வாந்தி, பேதி, தள்ளாட்டம் என்று வந்தால் அடுத்த வேளையைப் போடாமல் நேரே ஆஸ்பத்திரிதான்.

வால்ப்ரோவேட் இவ்வளவு படுத்தாது. ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 50 முதல் 125 மைக்ரோகிராம் என்று தாராளமான இடைவெளி. ஆனால் 2010-இல் வந்த பேலன்ஸ் ஆய்வில், 330 பேரை இரண்டு வருடம் வரை கவனித்ததில், நோய் திரும்பியது வால்ப்ரோவேட் மட்டும் எடுத்தவர்களில் 69 சதவீதம், லித்தியம் மட்டும் எடுத்தவர்களில் 59, இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 54. கர்ப்பத்தில் எடுத்தால் சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வரும் என்பதால், பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு இதை எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு அலையத் தயாராக இருப்பவருக்கு என் ஓட்டு லித்தியத்துக்கே.

லாமோட்ரிஜின் காலண்டரைப் பார்த்துப் போடும் மருந்து. மேனியாவை (எல்லை மீறிய உற்சாகம்) விட மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவருக்கு நல்லது. இரண்டு வாரம் 25, அடுத்த இரண்டு வாரம் 50, ஒரு வாரம் 100, அப்புறம் 200. அவசரப்பட்டு ஏற்றினால் தோல் உரியும் அளவுக்குப் போகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் ஆபத்து கூடும். ஐந்தாறு நாள் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, டாக்டரிடம் சொல்லி மறுபடி 25-இலிருந்துதான். கூடவே வால்ப்ரோவேட் இருந்தால் எல்லாமே பாதி, ஏனென்றால் அது லாமோட்ரிஜினை உடம்பை விட்டு வெளியேற விடாமல் பிடித்து வைக்கும். "அவருக்கு 200, எனக்கு மட்டும் ஏன் 100?" என்று கேட்பவர் முதலில் தன் சீட்டில் வால்ப்ரோவேட் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.