பழைய கேரவன் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மெல்போர்னில் பழைய கேரவன் (காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி) ஒன்று வாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் கணவரும் போன வருடம் 21,000 டாலர் கொடுத்து ஒரு கேரவன் வாங்கினோம். அதில் மொத்தம் ஆறு இரவு படுத்தோம். பிறகு 4,500 டாலருக்கு விற்றுவிட்டோம். பணம் போனது வலிக்கிறது. அதைவிட வலிப்பது, விற்றவர் மறைத்த ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் எங்கள் கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது என்பதுதான். எங்களுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஊருக்கு வந்து இருபத்தெட்டு வருடம். நாங்கள் பார்த்ததெல்லாம் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போகும் இடங்கள்தான்: கிரேட் ஓஷன் ரோடு, பிலிப் தீவு, பல்லாரட்டின் சாவரின் ஹில். இவர் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். வயல், அறுவடை, குதிர் என்று பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். எங்கள் விக்டோரியா மாநிலத்தின் மேற்குப் பக்கம் விம்மரா, மாலி பகுதிகளில் கோதுமை விளையும் சின்னச் சின்ன ஊர்களில் கான்கிரீட் குதிர்களின் மேல் ஆளுயரத்துக்குப் பத்து மடங்காக முகங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். 2016ல் பிரிம் என்ற குட்டி ஊரில் கைடோ வான் ஹெல்டன் நான்கு விவசாயிகளை வரைந்தார். அப்புறம் ஒவ்வோர் ஊராக வரைந்து, இன்று அந்த வழியில் இருநூறு கிலோமீட்டர் போகலாம். லாசெல்ஸ் என்ற ஊரில் ஒரு குதிரில் கணவனையும் இன்னொன்றில் மனைவியையும் வரைந்திருக்கிறார்கள். அந்த ஊரிலேயே விவசாயம் பார்க்கும் தம்பதி. "ஓய்வு பெற்றதும் முதல்ல அங்கதான் போறோம்" என்று இவர் ரெண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன்.

இணையத்தில் விளம்பரம். 2008ல் செய்த கேரவன், பதினேழு அடி நீளம். 'ஒரே வயதான உரிமையாளர், எப்போதும் கூரைக்கு அடியில் நின்றது, ஒழுகல் எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தது. மெல்போர்னின் தென்கிழக்குப் புறநகர் ஒன்றில் வீடு. விற்றவருக்கு ஐம்பது வயது இருக்கும், நல்ல பேச்சு. எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். தன் அம்மாவும் அப்பாவும் இதில்தான் ஆஸ்திரேலியா முழுக்கச் சுற்றினார்கள், இனி அவர்களால் முடியாது என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது. எனக்கு என் மாமனார் ஞாபகம் வந்துவிட்டது.

உள்ளே போனால் பளிச்சென்று இருந்தது. புது வெள்ளைப் பெயின்ட், தரையில் புது வினைல், லாவெண்டர் வாசனை. ஜன்னல்கள் எல்லாம் முன்பே திறந்து வைக்கப்பட்டிருந்தன. அடுப்புக்கு முன்னால் நின்றபோது தரை லேசாக அமுங்கியது. புது விரிப்பு, மெத்தென்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். படுக்கைக்கு அடியில் எட்டிப் பார்த்தால் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று, அதில் பாதிக்குத் தண்ணீர். "இது எதுக்கு?" என்று கேட்டேன். "எல்லாக் கேரவனிலும் வைப்பார்கள்" என்றார். கூரைக்கு அடியில் நின்ற வண்டியில் பாதி டப்பா தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பதிவுச் சான்றிதழைக் காட்டினார். அதில் பதிவு அவர் பெயரில், வெறும் மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியோடு இருந்தது. அப்பா பெயரிலிருந்து மாற்றியிருப்பார் என்று நாங்களே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம். அவர் சொல்லக்கூட இல்லை.

நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். இரண்டு டாலர் கட்டி, வண்டியின் மேல் கடன் இருக்கிறதா என்று காட்டும் பி.பி.எஸ்.ஆர். என்ற அரசுப் பதிவேட்டில் பார்த்தோம். கடன் பாக்கி எதுவும் இல்லை என்று வந்தது. அதைப் பார்த்ததும் எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நிம்மதி வந்துவிட்டது. அந்தப் பதிவேட்டுக்குச் சுவர் உளுத்திருப்பது தெரியாது. வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று காட்டும் ரோட்வொர்த்தி சான்றிதழ் எங்கே என்று இவர் கேட்டார். இந்த அளவு கேரவனுக்கு விக்டோரியாவில் அது கட்டாயம் இல்லை என்றார். அது உண்மைதான். கட்டாயம் இல்லாததால்தான் நாமே ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. "சாயங்காலம் இன்னொரு ஜோடி பார்க்க வருகிறார்கள்" என்றதும் அங்கேயே ஆயிரம் டாலர் முன்பணம் அனுப்பிவிட்டோம். மறுநாள் மீதி.

ஈஸ்டர் முடிந்து கூட்டம் குறைந்ததும் கிளம்பினோம். முதல் இரண்டு இரவு அராரட்டில். 1857ல் தென் ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, விக்டோரியா போட்ட தலைவரியைத் தவிர்க்க நூற்றுக்கணக்கான மைல் நடந்தே வந்த சீனர்கள் வழியில் தங்கம் கண்டுபிடித்த ஊர் அது. அதற்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நடந்து வந்தவர்களின் கதையைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் நின்றோம். அந்த இரண்டு நாளும் கேரவன் சமர்த்தாக இருந்தது. காலையில் வாசலில் நாற்காலி போட்டு ஃபில்டர் காபி குடித்தபோது, இருபத்தெட்டு வருடத்தில் இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் ஸ்டாவெல் தாண்டி, டாட்ஸ்வெல்ஸ் பிரிட்ஜில் நிற்கும் ராட்சதக் கோலா பொம்மைக்குச் சற்று முன்னால், பின்பக்கம் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். கேரவன் இடதும் வலதும் ஆட, கார் அதோடு இழுபட்டது. எதிரே ஒரு தானிய லாரி வந்துகொண்டிருந்தது. இவர் பிரேக்கை அழுத்தாமல் மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார். லாரி எங்களைக் கடந்து போனதும் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்து, நிற்க அரை மணி ஆயிற்று. எங்கள் சாலை உதவித் திட்டத்தில் கார் மட்டும்தான் சேர்ந்திருந்தது, கேரவன் சேரவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. உங்கள் திட்டத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.

ஹோர்ஷமில் டயர் கடைக்காரர் வெடித்த டயரைத் திருப்பி, பக்கவாட்டில் இருந்த நான்கு எண்களைக் காட்டினார். 3411. அதாவது 2011ஆம் வருடத்தின் 34ஆவது வாரம் செய்தது. எல்லா டயரிலும் இப்படி எண் இருக்கும், முதல் இரண்டு எண் வாரத்தையும் கடைசி இரண்டு எண் வருடத்தையும் குறிக்கும். கேரவன் டயர் அதிகம் ஓடாததால் பட்டன் தேயாது, புதிது மாதிரியே தெரியும். உள்ளுக்குள் ரப்பர் செத்துப் போயிருக்கும். மற்ற டயரும் மாற்று டயரும் அதே வருடம்தான். எல்லாவற்றுக்கும் கறுப்பு மெருகு பூசியிருந்தது. கடைக்காரர் விரலால் தேய்த்துக் காட்டினார், மெருகுக்கு அடியில் மயிர்க்கோடாக வெடிப்புகள்.

அவரேதான் "எடை போட்டீர்களா?" என்றும் கேட்டார். தானியம் விளையும் பகுதி, பொது எடைமேடைக்குப் பஞ்சமில்லை. கொண்டுபோய் நிறுத்தினோம்.

இந்த எடை விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கேரவனில் ஒரு தகடு இருக்கும். அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த வெற்று எடை. இன்னொன்று ஏ.டி.எம்., அதாவது எல்லாம் ஏற்றிய பிறகு தாண்டக் கூடாத மொத்த எடை. எங்கள் தகட்டில் 1,480, 1,780 என்று இருந்தது. முந்நூறு கிலோ ஏற்றலாம், தாராளம் என்று நம்பினோம். ஆனால் தகடு அடித்த பிறகு யாரோ ஏ.சி., சுருட்டிவிடும் பந்தல், சோலார் பலகை, இரண்டாவது பேட்டரி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். தகடு மாறவே இல்லை. 'எல்லா வசதியும் உண்டு' என்று விளம்பரத்தில் பெருமையாக இருந்த அத்தனையும் எங்கள் முந்நூறு கிலோவைத் தின்றுவிட்டன. அதன்மேல் எங்கள் பாத்திரம் பண்டம், அரிசி, இரண்டு கேஸ் சிலிண்டர், தொட்டி நிறையத் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எடைமேடை காட்டியது 2,060. தகட்டைவிட 280 கிலோ அதிகம். எங்கள் கார் இழுக்கக்கூடிய 2,000 கிலோவையும் தாண்டிவிட்டது. கிழட்டு டயர், அதன்மேல் அந்தப் பாரம். இந்த நிலையில் விபத்து நடந்திருந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்க இடம் இருக்கிறது. எங்களால் எதிரே வந்த அந்த லாரி ஓட்டுநருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. வாங்கும் முன்பே எடை போடச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

புது டயர் போட்டு, தண்ணீரை வடித்துவிட்டு, பாதிச் சாமானைக் காருக்கு மாற்றிக்கொண்டு மர்டோவா போனோம். அங்கே ஏரிக்கரையில் இடம். அந்த ஊரின் 'ஸ்டிக் ஷெட்'டைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் கோதுமையை ஏற்றுமதி செய்ய முடியாமல் தேங்கியபோது, 1941ல் அவசரமாகக் கட்டிய கிடங்கு. செதுக்காத மரத்தூண்கள் 560, ஏறக்குறைய 270 மீட்டர் நீளம். உள்ளே நின்றால் கோயில் பிராகாரத்தில் நிற்பது போல இருக்கிறது. இவர் ஒரு தூணில் கையை வைத்துக்கொண்டு, "எண்பது வருஷமா நிக்குதும்மா, வெறும் மரம்" என்றார்.

அன்று இரவு மழை பிடித்தது. இரண்டு மணிக்கு என் தலையணை நனைந்திருந்தது. விளக்கைப் போட்டால் முன் ஜன்னலின் கீழ்ப்பக்கம் தண்ணீர் வழிந்து, புது வெள்ளைப் பெயின்டுக்கு அடியிலிருந்து டீக்கறை மாதிரி பழுப்பு நிறம் படர்ந்து வருகிறது. இவர் துடைக்கப் போய்ச் சுவரில் முழங்கையை ஊன்றினார். சுவர் உள்ளே போயிற்று. பூஞ்சை நாற்றம் குப்பென்று அடித்தது. மிச்ச இரவைக் காரில் உட்கார்ந்தே கழித்தோம். காலையில் மழை விட்டதும், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று பக்கத்தில் இருக்கும் ருபான்யப் வரைக்கும் காரில் போய், இரண்டு இளம் விளையாட்டுப் பிள்ளைகளை வரைந்திருக்கும் தானியக் குதிர்களை மட்டும் பார்த்தோம். இவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

ஹோர்ஷமுக்குத் திரும்பி, கேரவன் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டினோம். ஈரமானியைச் சுவரில் வைத்த இடமெல்லாம் கத்தியது. உள்பலகையைக் கொஞ்சம் பிரித்தார். அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் இருக்கும் மரச்சட்டம் கையால் பிசைந்தாலே உதிர்ந்தது, நனைந்த ரஸ்க் மாதிரி. வெளியே பார்த்தால் மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் பழைய சிலிக்கானுக்கு மேலேயே புது சிலிக்கானைப் பூசியிருந்தார்கள். அடுப்புக்கு முன் நான் மெத்தென்று நினைத்த இடத்தில் வினைலைத் தூக்கினால் பிளைவுட் கருகருவென்று அழுகியிருந்தது. "வருடக்கணக்காக ஒழுகியிருக்கிறது. பெயின்ட் அடித்தவருக்குத் தெரியாமல் இருக்கவே முடியாது" என்றார். சரி செய்ய 14,000 டாலர் ஆகும், அப்படியும் உத்தரவாதம் இல்லை என்றார். நாள்பட்ட ஒழுகலும் அழுகலும் எங்கள் காப்பீட்டில் வராது. வாங்கும் முன் சில நூறு டாலருக்கு இதே ஈரமானியோடு ஒருவர் வந்து பார்த்திருப்பார்.

விற்றவருக்கு இவர் போன் செய்தார். "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று ஒரே வரி. அடுத்த அழைப்பிலிருந்து எங்கள் எண்ணையே தடுத்துவிட்டார். வியாபாரியிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. தன் சொந்தப் பொருளை விற்கும் தனியாளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது. அம்மா அப்பா கதை எதற்கு என்று, தன்னை வியாபாரியாக இல்லாமல் தனியாளாகக் காட்டிக்கொள்ளத்தான் என்று, அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளம்பரத்தில் சொன்ன பொய்க்காக வழக்குப் போடலாம் என்றார்கள். அதற்கான தெம்பு எங்களிடம் இல்லை. மாநில அரசின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவில் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் திரும்பவில்லை.

கேரவனை விற்றபோது பிரித்த சுவரின் படங்களையும் எடைச்சீட்டையும் விளம்பரத்திலேயே போட்டோம். அடிச்சட்டத்துக்காகவே வாங்குகிறேன் என்று ஒருவர் வந்து 4,500 கொடுத்து எடுத்துப் போனார். வரும் செப்டம்பரில் கனோலா பூத்திருக்கும்போது காரிலேயே லாசெல்ஸ் போகிறோம். வழியில் கேரவன் பார்க்குகளில் அறைகள் வாடகைக்குக் கிடைக்கின்றன.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன வாரம் இவர் சும்மா விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வேறு பெயர், வேறு போன் எண், இன்னும் கொஞ்சம் பெரிய கேரவன். 'வயதான பெற்றோருடையது, ஒழுகல் இல்லை' என்று எழுதியிருக்கிறது. படத்தில் கேரவனுக்குப் பின்னால் அதே செங்கல் சுவர், அதே எலுமிச்சை மரம். நான் டீ குடித்துக்கொண்டு நின்ற இடம். அந்தப் படத்தையும் புகாரோடு சேர்த்து அனுப்பிவிட்டோம். மெல்போர்னில் யாராவது கேரவன் பார்க்கப் போய், கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் டீ கொடுத்து அம்மா அப்பா கதை சொன்னால், தயவுசெய்து முதலில் படுக்கைக்கு அடியில் பாருங்கள்.