மோட்டார் சர்வீஸ் வேலைல 6 வருஷமா ஃப்ளோசார்ட் – என் அனுபவம்

ஃப்ளோசார்ட்னாலே, அதாவது ஒரு வேலைய எந்த வரிசைல செய்யணும்னு கட்டமும் அம்புக்குறியும் போட்டுக் காட்டுற படம், கம்ப்யூட்டர் படிக்கிற பசங்க சமாச்சாரம்னுதான் நானும் நெனச்சிருந்தேன். ஆனா 1921லயே கில்பிரெத்னு ஒரு அமெரிக்கத் தம்பதி தொழிற்சாலை வேலைகளப் படமா போட்டுக் காட்டுறதுக்குத்தான் ப்ராசஸ் சார்ட்னு கொண்டு வந்திருக்காங்க, அப்ப கம்ப்யூட்டரே கிடையாது. எங்களது போர்வெல் மோட்டார் சர்வீஸ். நான் கூடப் போகாத எடத்துல பசங்க தனியா ஃபால்ட் பாக்கணும், அதுக்காக 6 வருஷம் முன்னாடி ஒரு சார்ட் வரைஞ்சேன், இன்னைக்கு வரைக்கும் அதத் திருத்திட்டேதான் இருக்கேன்.

குறியீடு ரொம்ப இல்லங்க. ஓவல்னா ஆரம்பம் இல்ல முடிவு, செவ்வகம்னா செய்ய வேண்டிய வேலை, சாய்ஞ்ச கட்டம் (இணைகரம்) தகவல் உள்ள வர்றதுக்கும் வெளிய போறதுக்கும், நாங்க மீட்டர் ரீடிங்க நோட்ல எழுதுற எடத்துக்கு அதப் போடுறோம். சின்ன வட்டத்துக்குள்ள 'அ'னு போட்டா அடுத்து எங்க 'அ' இருக்கோ அங்க போய்த் தொடரணும், கோடு கோடு மேல ஏறாம இருக்க இது பெரிய உதவி. 1985ல வந்த ஐஎஸ்ஓ 5807ங்கற சர்வதேசத் தரத்துல இதெல்லாம் இருக்கு.

விஷயமே டைமண்ட்லதான், அதாவது சாய்சதுரக் கட்டம். அங்க கேள்வி கேக்கணும், பதில் ஆமா இல்ல ரெண்டுல ஒண்ணா இருந்தா நல்லது, ரெண்டு கோட்டுலயும் எது எதுன்னு எழுதியே ஆகணும். நான் மொதல்ல "வோல்டேஜ் சரியா இருக்கா?"னு எழுதியிருந்தேன், ஒரு பையன் 350 காட்டுனாலே சரிங்கறான், இன்னொருத்தன் பத்தாதுங்கறான். இப்ப "மூணு ஃபேஸுக்கு நடுவுலயும் 380க்கு மேல காட்டுதா?"னு மாத்திட்டேன், யார் பாத்தாலும் ஒரே பதில்தான் வரும்.

பெரிய தப்பு ஒண்ணு நடந்துச்சு. ரிலே (லோடு அதிகமானா மோட்டார நிறுத்துற பாதுகாப்பு சுவிட்ச்) ட்ரிப் ஆயிருக்கா, ஆமான்னா ரீசெட் பண்ணு, மோட்டாரப் போடுன்னு எழுதி, அம்புக்குறிய திரும்ப அதே டைமண்டுக்கே கொண்டு போயிட்டேன், எத்தன தடவைன்னு போடல. பையன் சார்ட்ட நம்பி திரும்பத் திரும்ப ரீசெட் பண்ணியிருக்கான், காயில் எரிஞ்சிருச்சு. "சீட்டுல அப்படித்தானுங்கண்ணா இருக்குது"ன்னான், அவன் மேல ஒரு தப்பும் இல்ல. 600 அடி போர்ல இருந்து பைப்ப ஒவ்வொண்ணா தூக்கி மோட்டார வெளிய எடுத்து ரீவைண்டிங் பண்ணி இறக்குனோம், அந்தத் தோட்டத்துக்காரர் பயிர் வாடி நின்னத நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

அதுக்கப்புறம் ரீசெட்டுக்கு முன்னாடியே டாங் டெஸ்டர் (கரண்ட் அளக்குறது), மெக்கர் (காயில் இன்சுலேஷன் பாக்குறது) செக் ரெண்டையும் கொண்டு வந்துட்டேன். "இதுக்கு முன்னாடி ஒரு தடவ ரீசெட் பண்ணியாச்சா?"னு தனி டைமண்ட் வேற, ஆமான்னா நேரா ஓவலுக்குப் போகும், "நிறுத்து, போன் பண்ணு". எந்த சார்ட் வரைஞ்சாலும் பின்னாடி திரும்பி வர்ற ஒவ்வொரு அம்புக்குறியும் எங்க நிக்கும்னு பாத்துட்டுத்தான் இப்ப பசங்க கையில குடுக்குறேன்.

கம்ப்யூட்டர்ல வரையறதுக்கு ட்ரா.ஐஓங்கற சாஃப்ட்வேர் போதும், காசு கிடையாது. ஆனா மொதல்ல பேப்பர்ல பென்சில்ல போட்டுக்கோங்க, ஸ்க்ரீன்ல போட்டா கட்டத்த நேரா வைக்கிறதுலயே நேரம் போயிடுது. போன மாசம் அதே பையன் சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு அவனாவே ஒண்ணு வரைஞ்சு கொண்டு வந்தான், வெரல வெச்சு ஒவ்வொரு கோடாப் போய்ப் பாத்தேன், எல்லாமே ஒரு ஓவல்ல போய் முடிஞ்சுது, அப்படியே லேமினேட் பண்ணி டூல் பாக்ஸ் மூடிக்கு உள்ள ஒட்டியாச்சு.